தொலைந்த பக்கத்தை முகப்புக்குத் தள்ளாதீர்கள்

தளத்தைப் புதுப்பிக்கும்போது பலரும் நம்புவது இது: பழைய முகவரி எதுவானாலும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் வாசகர் தப்பித்தார். தப்பிப்பதில்லை. வத்தக்குழம்பு செய்முறையைத் தேடி வந்தவர் முகப்பில் இறங்கித் திகைக்கிறார். பக்கம் நீக்கப்பட்டதா, இடம் மாறியதா என்று சொல்ல ஆளில்லை. கூகுளும் இப்படிப்பட்ட திருப்பத்தைப் பெரும்பாலும் ‘சாஃப்ட் 404’, அதாவது இல்லாத பக்கம், என்றே எடுத்துக்கொள்கிறது. அதே கட்டுரைக்குப் புது முகவரி இருந்தால் அங்கேயே 301 (நிரந்தரத் திருப்பம்) போடுங்கள். இல்லையென்றால் 404 என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். வேண்டுமென்றே நீக்கியதற்கு 410 இருக்கிறது.

404 வந்தால் தளத்தின் தரவரிசை சரியும் என்ற பயமும் வேண்டாம். இல்லாத பக்கத்தை இல்லை என்று சொல்வதால் மற்ற பக்கங்களுக்குக் கேடில்லை என்று கூகுளே விளக்கியிருக்கிறது.

‘பக்கம் கிடைக்கவில்லை என்று பெரிதாக எழுதியிருக்கிறோமே, போதாதா?’ போதாது. எழுத்து மனிதருக்கு, தேடுபொறி முதலில் பார்ப்பது சர்வர் அனுப்பும் எண்ணை. அப்பாச்சியில் எரர்டாக்குமென்ட் வரியில் பிழைப் பக்கத்தின் முழு முகவரியைக் கொடுத்துவிட்டால், சர்வர் முதலில் 302 (தற்காலிகத் திருப்பம்) அனுப்பும். பிறகு பிழைப் பக்கம் 200 (எல்லாம் சரி) என்ற எண்ணோடு வந்து சேரும். 404 யாருக்கும் போகவே போகாது. டொமைன் பெயரை எடுத்துவிட்டு, சாய்கோட்டில் தொடங்கும் பாதையை மட்டும் எழுதினால் சரியாகிவிடும். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் எந்த எண் வருகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

301, 302 எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்பார்கள். அப்படியல்ல. 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான இடத்துக்குத் திருப்பிவிட்டால், நீங்கள் திருத்திய பிறகும் ஏற்கெனவே வந்துபோன வாசகர் அங்கேயே போய்க்கொண்டிருக்கலாம். அதனால் சோதிக்கும்போது 302 போதும். படிவம் அனுப்பும் முகவரி மாறினால் 308 போடுங்கள். 301-இல் போஸ்ட் கோரிக்கை கெட் ஆக மாறி, வாசகர் நிரப்பியதெல்லாம் தொலையக்கூடும்.

சில மாதங்களில் திருப்பத்தை எடுத்துவிடலாமா? கூகுள் குறைந்தது ஓராண்டு என்கிறது. அச்சான புத்தகத்திலும் பிடிஎஃப்பிலும் இருக்கும் இணைப்பு ஓராண்டில் மாறிவிடாது, முடிந்தவரை எடுக்காதீர்கள்.

தமிழில் முகவரி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ‘அம்மா’ என்ற சொல் முகவரியில் சதவீதக் குறிகளோடு 45 எழுத்துகளாக விரியும். அந்த நீள வரிசையை நகலெடுத்துத் திருப்ப விதியில் ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியாது. அப்பாச்சியின் ரீடைரக்ட் வரியும் என்ஜின்எக்ஸின் லொகேஷனும் அந்தக் குறிகளை அவிழ்த்த பிறகே ஒப்பிடுகின்றன. விதியில் பழைய முகவரியைத் தமிழிலேயே எழுதி, கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.