பாலர் வகுப்பில் தைப்பொங்கல்

தைப்பொங்கல் சூரியன் மகர ராசியிற் புகும் நாள். பெரும்பாலும் ஜனவரி 14 அல்லது 15. எமது ஞாயிறு வகுப்பில் இதைச் சொன்னதும், "வெளியில பனி கொட்டுது, சூரியன் எங்க சேர்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆகவே வயலிலிருந்து தொடங்கினோம். ஊரில் அது காலபோக நெல் அறுவடைக்கு வரும் காலம். கோயிலில் நிறைகுடத்துக்கு வைத்திருந்த நெல்லில் ஒரு பிடி எடுத்துக் கொடுத்தோம். நகத்தால் உமியை உரித்த பின்னரே பலர் அதை அரிசி என்று நம்பினார்கள்!

மறுநாள் பட்டிப்பொங்கல், மாடுகளுக்கு நன்றி சொல்லும் நாள் என்றோம். "உங்கட மாட்டுக்கு என்ன பெயர்?" என்றாள் ஒரு சிறுமி. "லட்சுமி." "இப்ப எங்க?" கட்டையை அவிழ்த்துவிட்டு வந்தோம் என்று உண்மையைச் சொன்னோம். வகுப்பு அமைதியாகிவிட்டது.

பெற்றோர்களே, இம்முறை மின்னடுப்பிற் பொங்கினாலும் பிள்ளைகள் கையாலும் ஒரு பிடி அரிசி இடச் செய்யுங்கள். உங்கள் வீட்டு மாட்டின் பெயரையும் சொல்லுங்கள்; அடுத்த வாரம் வகுப்பிற் கேட்போம்.