டாக்டர் சொன்னதைப் போன்ல பிடிச்சா மட்டும் போதுமா?

டாக்டர் அறையில தலையைத் தலையை ஆட்டுவே. வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே, "அந்தச் சின்ன மாத்திரை காலையிலயா, ராத்திரியிலயா?"ன்னு அம்மாவைக் கேப்பே. அம்மா திருப்பி உன்னையே கேப்பாங்க. இதுல உன் மூளையைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. டாக்டர் சொல்றதுல 40-லேர்ந்து 80 சதவீதம் வரைக்கும் அந்த நிமிஷமே மறந்துபோகுதுன்னு ராய் கெஸல்ஸ்ங்கற நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் 2003-ல எழுதியிருக்கார். ஞாபகம் இருக்கறதுலயும் கிட்டத்தட்ட பாதி தப்பாத்தான் ஞாபகம் இருக்குமாம்.

"அதான் போன்ல ரெக்கார்ட் பண்றேனே அக்கா"ங்கறியா? சரி, போன மாசம் பண்ணினதை எப்பக் கேட்டே? பதில் வராதுன்னு எனக்குத் தெரியும். வார்டுல வேலை பார்த்து, அப்புறம் நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடமும் எடுத்தவ நான். நோயாளி வீட்டுக்காரங்களும் சரி, படிக்கற பிள்ளைகளும் சரி, ரெக்கார்ட் பட்டனை அமுக்கினதோட வேலை முடிஞ்சதுன்னு நினைக்கறாங்க. வேலையே அதுக்கப்புறம்தான் ஆரம்பம்.

முதல்ல வீட்டுக்காரங்களுக்கு.

1. கேட்டுட்டு அமுக்கு. போனைக் கைப்பைக்குள்ள ஓடவிட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உட்காராதே. டாக்டர் கண்டுபிடிச்சுட்டா அன்னையிலேர்ந்து உன்கிட்ட அளந்து அளந்துதான் பேசுவார், நஷ்டம் உனக்குத்தான். "டாக்டர், அம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கறது நான்தான். மருந்து விவரத்தை மட்டும் பதிவு பண்ணிக்கட்டுமா?"ன்னு கேளு. காரணத்தோட கேட்டா பெரும்பாலும் சரின்னுடுவாங்க. அம்மாகிட்டயும் கேக்கணும், உடம்பு அவங்களோடது. வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டா மல்லுக்கு நிக்காதே. வெளியே வந்து, யார்கிட்டயும் பேசறதுக்கு முன்னாடி, ஞாபகம் இருக்கறதை உன் குரல்லயே ஒரு நிமிஷம் பேசிப் பதிவு பண்ணிக்கோ. நடுவுல ஒருத்தர் வந்து பேச்சுக் கொடுத்தா பாதி போயிடும்.

நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா ஆதாரமா இருக்கட்டும்னு ஒளிச்சுப் பதிவு பண்றவங்களுக்கு ஒண்ணு. உனக்கு வேணுங்கறது சிகிச்சைப் பதிவேடுன்னா, எழுதிக் கொடுத்துக் கேளு. கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள டாக்டர் கொடுத்தாகணும்னு 2002-ல வந்த மருத்துவக் கவுன்சில் விதிமுறையே சொல்லுது.

2. வாசல்லேர்ந்தே ஓடவிடாதே. டோக்கன் கூப்பிட்டது, பி.பி. பார்த்தது, அம்மா பக்கத்து வீட்டுக்காரி கதை சொன்னது எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷம் வரும். அதை நீ ஜென்மத்துக்கும் கேக்கமாட்டே. டாக்டர் சீட்டு எழுதி முடிக்கற சமயத்துல பட்டனை அமுக்கு. இதை மட்டும் கேளு:

- இது என்ன வியாதி, ஒரு வரியில?
- எந்த மருந்து, எப்போ, எத்தனை நாள்?
- ஏற்கெனவே சாப்பிடறதுல எதை நிறுத்தணும்? (இதைத்தான் எல்லாரும் கேக்க மறக்கறாங்க. பழைய பி.பி. மாத்திரையும் புதுசும் சேர்ந்து உள்ளே போய் மயங்கி விழுந்தவங்களை வார்டுல பார்த்தாச்சு.)
- என்ன ஆனா அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காம ஓடி வரணும்?

இப்போதான் முக்கியமான இடம். ரெக்கார்டிங்கை நிறுத்தாம, நீ புரிஞ்சுக்கிட்டதை உன் வாயால திருப்பிச் சொல்லு. "அப்போ இந்தப் பெரிய மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம், ரெண்டு வேளை, அஞ்சு நாள். சரியா டாக்டர்?" தப்புன்னா அங்கேயே திருத்திடுவார். நர்சுகளுக்கு நாங்க சொல்லிக்கொடுக்கறதும் இதேதான். போன்ல டாக்டர் ஆர்டர் சொன்னா எழுதிக்கிட்டுத் திருப்பிப் படிக்கணும், அவர் ஆமான்னு சொல்லணும், அப்புறம்தான் மருந்தைத் தொடணும்.

3. போனை மேஜை மேல வை, அடிப்பக்கம் டாக்டரைப் பார்த்து இருக்கட்டும். பல போன்ல மைக் அங்கேதான். ஏரோப்ளேன் மோட் போட்டுடு. நடுவுல சித்தி கூப்பிட்டா பதிவு அறுந்துபோகும், அது உனக்கு வீட்டுக்கு வந்துதான் தெரியும்.

4. நம்பர் வந்தா நிறுத்திக் கேளு. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஃபேன் சத்தத்துல ஒண்ணுபோலத்தான் பதிவாகும். பாயிண்ட் ஃபைவ்ல பாயிண்ட் விழுங்கிப்போனா பத்து மடங்கு மருந்து. "ஒண்ணு அஞ்சா, அஞ்சு சைபரா டாக்டர்?"னு கேக்கறதுக்கு வெக்கப்படாதே. சீட்டுல ஒண்ணும் ரெக்கார்டிங்ல ஒண்ணும் இருந்தா நீயே ஒரு முடிவுக்கு வராதே, போன் பண்ணிக் கேளு. மருந்துக்கடைக்காரர் சொன்னாருன்னு விட்டுடாதே.

5. அன்னிக்கு ராத்திரியே ஒரு தடவை கேட்டு அரைப்பக்கத்துல எழுது. நாளைக்குன்னு தள்ளினா அது வராது. எழுதினதை மருந்து டப்பா மேல ஒட்டு. ஃபைலுக்கு "அம்மா, சுகர் டாக்டர்"னு பேரும் தேதியும் போடு. நியூ ரெக்கார்டிங் 47-ன்னு விட்டா ஆறு மாசம் கழிச்சு அதைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போயிடும்.

6. குடும்ப குரூப்ல ரெக்கார்டிங்கை அப்படியே கொட்டாதே. அம்மாவோட கர்ப்பப்பை விஷயம் பெரியப்பா மருமகன் வரைக்கும் எதுக்குப் போகணும்? வெளியூர்ல இருக்கற அண்ணனுக்கு அந்த அரைப்பக்கம் போதும். ஓ.பி.ல பக்கத்துல உட்கார்ந்திருந்தவங்க பேரும் வியாதியும்கூட உன் பதிவுல விழுந்திருக்கலாம், அதை மறந்துடாதே. ஒருத்தர் நம்பிச் சொன்ன ஹெச்.ஐ.வி. விஷயத்தை அவங்க சம்மதம் இல்லாம வெளியே சொல்லக் கூடாதுன்னு 2017 சட்டமே சொல்லுது.

7. வீட்டுல வர்ற சத்தத்தைப் பிடி. டாக்டர் எதிர்ல உட்கார்ந்ததும் பிள்ளை இருமவே இருமாது, அது எந்தப் பிள்ளையானாலும். ராத்திரி நாய் குரைக்கற மாதிரி இருமல், மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரன்னு ஒரு சத்தம், அப்பா குறட்டையில நடுநடுவே பத்து செகண்டு, அதுக்கும் மேல மூச்சே இல்லாம ஒரு இடைவெளி. இதெல்லாம் வாயால விளக்கிப் புரிய வைக்க முடியாது, காதால கேட்டா டாக்டருக்குச் சட்டுன்னு பிடிபடும். டி.வி.யை நிறுத்து, முடிஞ்சா ஃபேனையும். ஒரு நிமிஷம் போதும். குறட்டைக்கு மட்டும் ரெண்டு மூணு நிமிஷம்.

பிள்ளைக்கு மூச்சு வாங்குதுன்னா சத்தம் மட்டும் பத்தாது. சட்டையைத் தூக்கி நெஞ்சு தெரியற மாதிரி வீடியோ எடு. அழாம இருக்கும்போது முழுசா ஒரு நிமிஷம் எண்ணு. ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு 60, ஒரு வயசு வரைக்கும் 50, அஞ்சு வயசு வரைக்கும் 40. எண்ணிக்கை அதைத் தொட்டாலே வேகமான மூச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கற கணக்கு இது, உடனே காட்டணும். உதடு நீலமாச்சு, விலா எலும்புக்கு நடுவுல சதை உள்ளே இழுக்குதுன்னா போனை வச்சுக்கிட்டு நிக்காதே, 108-ஐக் கூப்பிடு. இருமலைக் கேட்டு வியாதி சொல்றேங்கற ஆப்பை எல்லாம் நம்பிக்கிட்டு வீட்டுல உட்காராதே.

இப்போ படிக்கற பிள்ளைங்க வாங்க. உங்களை இன்னும் கொஞ்சம் திட்டணும்.

8. இதயச் சத்தத்தைப் போன் ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுட்டு "ஒண்ணுமே கேக்கலையே மேடம்"னு வராதே. இதயச் சத்தத்துல பெரும்பங்கு ரொம்பக் கீழ்ஸ்தாயி. மூணாவது சத்தமும், மிட்ரல் ஸ்டெனோசிஸ் உறுமலும் அந்தச் சின்ன ஸ்பீக்கர்ல வரவே வராது. நல்ல இயர்போன் போடு, காதுல இறுக்கமா உட்காரணும்.

எத்தனை தடவை கேக்கணும்? நீ நினைக்கறதைவிட ரொம்ப அதிகம். அமெரிக்காவுல டெம்பிள் பல்கலைக்கழகத்துல மைக்கேல் பாரெட் தன் மாணவர்களை ஒவ்வொரு மர்மரையும் 500 தடவை கேக்க வச்சார். 2004-ல அந்த ஆய்வு வந்துச்சு, அப்படிக் கேட்டவங்க மர்மரைக் கண்டுபிடிக்கறதுல நல்லாவே தேறியிருந்தாங்க. 500-ன்னதும் முகம் சுளிக்காதே. நிமிஷத்துக்கு எழுபது துடிப்புன்னா அது எட்டு நிமிஷம்கூட ஆகாது. பஸ்ல பாட்டுக் கேக்கற நேரம்தான். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு மர்மர் எடுத்துக்கோ, பத்தையும் கலந்து கேட்டா ஒண்ணும் தங்காது. கேக்கும்போது எது சிஸ்டோல், எது டயஸ்டோல்னு விரலால தட்டிக்கிட்டே கேளு.

ஒண்ணு மட்டும் நினைப்புல இருக்கட்டும். ரெக்கார்டிங்ல வர்றது கழுவித் துடைச்ச சத்தம். வார்டுல நெஞ்சு முடி உரசும், குழந்தை அழும், பக்கத்துல ட்ராலி உருளும். அதனால காலையில கேட்டதை அன்னிக்கே வார்டுல தேடு. ஸ்டெத்தை நெஞ்சுல வச்சிருக்கும்போது இன்னொரு கை கழுத்து நாடியில இருக்கட்டும். எந்தச் சத்தம் முதல் சத்தம்னு உனக்கு அந்த விரல்தான் சொல்லும், ரெக்கார்டிங் சொல்லாது.

9. நோயாளி சத்தத்தை நீயே பதிவு பண்ணப் போறியா? கல்லூரிக் கருவி இருந்தா அதுல பண்ணு, உன் சொந்தப் போன்ல வேண்டாம். அவங்களுக்குப் புரியற பேச்சுல, எதுக்கு எடுக்கறே, யார் யார் கேப்பாங்கன்னு சொல்லிச் சம்மதம் வாங்கு. பதிவுல பேர் சொல்லாதே, படுக்கை நம்பரும் சொல்லாதே. வயசும் கேட்ட இடமும் போதும். டீச்சருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டா அனுப்பாதே. அது பேச்சுக்காகச் சுருக்கறது, மர்மர் நசுங்கிப்போகும். டாக்குமென்டா அனுப்பு. சத்தம் குறைக்கற வசதி இருந்தா நிறுத்திடு, அது நுரையீரல் சத்தத்தையும் இரைச்சல்னு நினைச்சு அழிச்சுடும்.

10. உன் குரலை நீ கேளு. இது யாருக்கும் பிடிக்காது, அதனாலதான் சொல்றேன். 1984-ல பெக்மன், ஃப்ராங்கல்னு ரெண்டு அமெரிக்கர்கள் டாக்டர்-நோயாளி சந்திப்பு 74-ஐ டேப்புல பதிவு பண்ணிக் கேட்டாங்க. நோயாளி வாயைத் திறந்து சராசரியா 18 செகண்டுல டாக்டர் குறுக்கே பேசிட்டார். அந்த டாக்டர்களை அப்பவே கேட்டிருந்தா, "நான் பொறுமையாத்தான் கேட்டேன்"னு சொல்லியிருப்பாங்கன்னு நான் பந்தயம் கட்டுவேன். டேப் இல்லேன்னா அந்த 18 வெளியே வந்திருக்காது.

தோழியை நோயாளியா உட்கார வச்சு அஞ்சு நிமிஷம் பேசு, பதிவு பண்ணு. எத்தனாவது செகண்டுல குறுக்கே பாஞ்சே? "வலி இருக்கா? வாந்தி? காய்ச்சல்?"னு மூச்சு விடாம மூணு கேள்வி கேட்டியா? பாட்டிகிட்டப் போய் "யூரின் அவுட்புட் எப்படி?"ன்னு கேட்டியா? எழுதி வை. அடுத்த தடவை அதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் திருத்து. எம்.பி.பி.எஸ்.ல 2019-லேர்ந்து மனப்பான்மை, நெறிமுறை, பேசற விதம் மூணுக்கும் சேர்த்து ஏட்காம்னு பாடம் வச்சிருக்காங்க. வகுப்புல உட்கார்ந்து கையெழுத்துப் போட்டா மட்டும் அது வராது.

11. வகுப்பைப் பதிவு பண்றதை நான் பெருசா எடுத்துக்கறதில்ல. ஒரு மணி நேரப் பாடத்தை மறுபடி ஒரு மணி நேரம் கேக்க உனக்கு நேரம் ஏது? புரியாத இடம் வரும்போது எத்தனாவது நிமிஷம்னு நோட்டு ஓரத்துல குறிச்சுக்கோ, ராத்திரி அந்த ரெண்டு நிமிஷத்தை மட்டும் கேளு.

12. வெளிநாட்டு வேலைக்கு ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு எழுதப் போறவங்களுக்கு: லிசனிங்ல 42 கேள்வி, ஆடியோ ஒரே ஒரு தடவைதான் ஓடும். நீ வீட்டுல நிறுத்தி, பின்னாடி தள்ளி, மறுபடி கேட்டுப் பழகினா அங்கே திணறுவே. முதல் தடவை நிறுத்தாம கேட்டு விடை எழுது. மார்க் போட்டதுக்கு அப்புறம் வேணும்னா பின்னாடி போ.

13. பேசினதைத் தானா எழுத்தாக்கித் தர்ற ஆப் இப்போ வீட்டுலயும் இருக்கு, ஆஸ்பத்திரியிலயும் நுழைஞ்சிருக்கு. சௌகரியம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா பேசாததையும் எழுதும். ஓபன்ஏஐ-யோட விஸ்பர் எழுதினதை ஆராய்ச்சியாளர்கள் சோதிச்சதுல, சுமார் ஒரு சதவீதப் பதிவுகள்ல யாரும் சொல்லாத வாக்கியம் முளைச்சிருந்துச்சுன்னு 2024-ல வெளியிட்டாங்க. பேச்சுக்கு நடுவே நீளமா மௌனம் வர்ற இடத்துல இது அதிகம். பக்கவாதம் வந்து தயங்கித் தயங்கிப் பேசற உங்க தாத்தாவை நினைச்சுக்கோ. அதனால மருந்துப் பேர், அளவு, எந்தப் பக்கத்துக் கால், "இல்லை"ங்கற வார்த்தை, இந்த நாலையும் ஆடியோவோட ஒப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் எங்கேயும் எழுதணும். ஒப்பிட்டு முடியற வரைக்கும் ஆடியோவை அழிக்காதே.

ஒப்பிட்டாச்சு, எழுதியாச்சு, அடுத்த செக்கப்பும் முடிஞ்சாச்சுன்னா அழிச்சுடு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை அதுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கு. அழிச்சது குப்பைத்தொட்டி ஃபோல்டர்ல சில நாள் கிடக்கும், அதையும் காலி பண்ணு. பழைய போனை எக்ஸ்சேஞ்சுக்கோ தம்பிக்கோ கொடுக்கறதுக்கு முன்னாடி ரெக்கார்டர் ஆப்பை ஒரு தடவை திறந்து பாரு. போட்டோவை எல்லாரும் ஞாபகமா எடுத்துடறாங்க, இது உள்ளேயே கிடக்கும்.