மைசூரில் காட்டைப் படிக்கலாமா?

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டேன். மைசூரில் அக்கா வீட்டில் தங்கி, சூழலியல், உயிர்ப்புவியியல் ஆய்வுப் பயிற்சி பெற முடியுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: முடியும். ஆனால் அக்கா வீட்டுச் சாப்பாடு அதிக நாள் கிடைக்காது! 1996-இல் தொடங்கிய இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் தலைமையகம் மைசூர்தான். வேலையோ, ஸ்பிட்டியில் பனிச்சிறுத்தை, அருணாசலத்தில் இருவாச்சி, நம் வால்பாறையில் மழைக்காட்டு மீட்பு என்று சிதறிக் கிடக்கிறது. களப்பணியாளர் தேவைப்படும்போது அறிவிப்பார்கள். தன்விவரத்தோடு, ஏன் அந்த வேலை என்று ஒரு பக்கம் சொந்தமாக எழுதி அனுப்புங்கள். சான்றிதழ்க் கட்டைவிட அந்த ஒரு பக்கம்தான் பேசும் என்பது என் எண்ணம். மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும் சிங்கவால் குரங்கு ஆய்வுக்கு நீண்ட மரபு உண்டு.

உயிர்ப்புவியியலுக்கு உங்கள் ஊர்ப்பக்கமே நல்ல பாடம் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழும் சோலைக்கிளி ஓர் இனம். தெற்கே ஆனைமலை, பழனியில் வாழ்வது வேறோர் இனம். இடையில் கிடக்கும் தாழ்நிலம் மலைக்காட்டுப் பறவைக்குக் கடல் மாதிரி. தாண்டாமல் காலங்காலமாகப் பிரிந்திருந்ததில் இனமே வேறாகிவிட்டது.

முதுகலை படிக்க நினைத்தால், பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் வனவிலங்குப் படிப்பு சிறந்தது, போட்டி கடுமை. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. அதற்குள் புள்ளியியலும் 'ஆர்' மென்பொருளும் கற்றுக்கொள்ளுங்கள். கன்னடம் நாலு வார்த்தை அக்காவிடமே கேட்கலாம்.