மருந்தூசி மூலம் செய்யப்படும் இதயச் சுமைச் சோதனை: செல்லுமுன் அறிந்திருக்க வேண்டியவை

'ஸ்ரெஸ் ரெஸ்ற்' எடுக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியதும், "எனக்கு மனக்கவலை ஒன்றும் இல்லையே" என்று மறுமொழி கூறுவோர் நம்மிடையே உண்டு. அச்சொல்லை 'அழுத்தம்' என மொழிபெயர்த்தாலும் சிக்கல் தீராது. இரத்த அழுத்தம் அளக்கும் சோதனை என்று பொருள்பட்டுவிடும். ஆகவே இக்கட்டுரையில் 'இதயச் சுமைச் சோதனை' என்னும் சொல்லை ஆள்கிறோம். இதயத்துக்குச் சிறிது நேரம் கூடுதல் வேலை கொடுத்து, அப்போது அதன் தசைகளுக்குப் போதிய குருதி செல்கிறதா எனக் காண்பதே இச்சோதனையின் நோக்கமாகும்.

வழக்கமாக இச்சுமை ஓடுபொறியில் நடக்கச் செய்து ஏற்றப்படும். முழங்கால் தேய்ந்தவர்கள், பக்கவாதத்துக்கு ஆளானவர்கள், சில நிமிடங்கள் நடந்தாலே மூச்சு வாங்குபவர்கள் ஆகியோருக்கு அது இயலாது. அவர்களுக்கு நடைக்குப் பதிலாக ஊசி வழியே மருந்து செலுத்தப்படும். தெற்காசியர் இதனை அலட்சியப்படுத்துவதற்கில்லை. ரொறன்ரோ, ஹமில்ரன், எட்மன்ரன் ஆகிய நகரங்களில் வாழும் தெற்காசியர், சீனர், ஐரோப்பியர் ஆகியோரை ஒப்பிட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியான கனேடிய ஆய்வொன்றில், இதயக் குருதிக்குழாய் நோய் தெற்காசியரிடமே மிகுதியாகக் காணப்பட்டது.

பயன்படும் மருந்துகள் இருவகையின. முதல்வகை, பெர்சான்டின் என்ற வணிகப் பெயரால் அறியப்படும் டைபிரிடமோல் போன்றவை. இவை இதயத்தின் குருதிக்குழாய்களை விரியச் செய்கின்றன. நலமான குழாய் நன்கு விரியும். கொழுப்புப் படிந்து ஒடுங்கிய குழாய் அவ்வாறு விரியாது. இவ்வேறுபாட்டைப் படமெடுப்பதற்காக டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருள் சிறிதளவு குருதியில் செலுத்தப்படும். இரண்டாம் வகையான டோபுட்டமின் இதயத்தை விரைந்தும் வலுவாகவும் துடிக்கச் செய்கிறது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதன் அளவு கூட்டப்படும். 220 இலிருந்து வயதைக் கழித்து, வரும் எண்ணில் 85 விழுக்காட்டை நாடித்துடிப்பு எட்டுவதே பொதுவான இலக்கு. 65 வயதினருக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 132. இதனுடன் பெரும்பாலும் ஒலியலைப் படம் எடுக்கப்படும். அதில் கதிரியக்கம் இல்லை.

டெக்னீசியத்தின் வீரியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அன்றைய நோயாளருக்கென ஆயத்தப்படுத்தியதை மறுநாளைக்கு எடுத்துவைக்க இயலாது. 2009 மே மாதத்தில் ஒன்ராறியோவின் சோக் ரிவர் அணு உலை பழுதடைந்து ஓராண்டுக்கு மேல் நின்றபோது இப்பொருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. வர இயலாதெனில் முன்கூட்டியே அறிவிக்குமாறு மருத்துவமனைகள் வற்புறுத்துவது இதனால்தான்.

முன்னேற்பாடுகளுள் நம்மவர் பெரிதும் இடறுவது தேநீரில். கஃபீன், டைபிரிடமோலின் செயலை முறித்துவிடும். படம் நலமாக இருப்பதுபோல் தோன்றி, உள்ளிருக்கும் அடைப்பு மறைந்துபோகலாம். எனவே பொதுவாக 24 மணி நேரத்துக்குக் கஃபீன் கூடாது என்பார்கள். கோப்பியும் சாயத் தேநீரும் பால் தேநீரும் மட்டுமல்ல. கஃபீன் நீக்கிய கோப்பி, கோலா, சொக்லேற், கொக்கோ கலந்த மைலோ ஆகியனவும் இதில் அடங்கும். மருந்தகத்தில் கிடைக்கும் ரைலனோல் 1, 3 போன்ற இலக்கமிட்ட வலிநிவாரணிகளிலும் கஃபீன் உண்டு. "ஒரு மிடறுதானே" என்று அருந்திவிட்டால் அதை மறைக்காதீர்கள். சோதனை ஒத்திவைக்கப்படுவது, பொய்யான நற்செய்தியுடன் வீடு திரும்புவதைவிட மேலானது.

தொய்வு நோய் உள்ளவர்கள் அதனைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். டைபிரிடமோல் மூச்சுக்குழாய்களைச் சுருங்கச் செய்யக்கூடும். டோபுட்டமினுடன் சிலவேளை அத்ரோபின் சேர்க்கப்படுவதால், கண் அழுத்த நோயும் சிறுநீர்த் தடையும் உள்ளவர்கள் அவற்றையும் கூற வேண்டும். இதயத்துடிப்பைத் தணிக்கும் மாத்திரைகளை நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவர் மட்டுமே தீர்மானிக்கலாம். வெறும் வயிற்றுடன் வரச் சொன்னால், இன்சுலின் எடுப்பவர்கள் அன்றைய அளவு பற்றி முன்னரே கேட்டறிய வேண்டும். கருவுற்றிருப்போரும் பாலூட்டுவோரும் அதனை முதலிலேயே சொல்லுதல் அவசியம்.

சோதனையறையில் கையில் ஊசிக்குழாய் பொருத்துவார்கள்; மார்பில் மின்முனைகளை ஒட்டுவார்கள். சேலையைவிட மேற்சட்டையும் காற்சட்டையும் வசதியானவை. உலோகம் படத்தில் நிழல் வீழ்த்தும் என்பதால் தாலிக்கொடியை விலக்கவோ கழற்றவோ கேட்பார்கள். பெண் பணியாளர் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்பதில் தவறேதும் இல்லை. டைபிரிடமோல் ஏறத்தாழ நான்கு நிமிடம் செலுத்தப்படும். முகம் சூடேறுதல், தலையிடி, குமட்டல், நெஞ்சில் இறுக்கம் ஆகியன தோன்றலாம். நெஞ்சு இறுகியதும் மாரடைப்பு வந்துவிட்டதென அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பொறுத்துக்கொண்டு மௌனமாகவும் இருக்கலாகாது. உடனே சொல்லுங்கள், அமினோஃபிலின் என்னும் மாற்று மருந்து அருகிலேயே இருக்கும். டோபுட்டமின் எனில் நெஞ்சு படபடக்கும். மருந்தை நிறுத்தியதும் சில நிமிடங்களில் அடங்கும். கதிரியக்கப் படம் ஓய்விலும் சுமையிலும் இருமுறை எடுக்கப்படுவதால் அரைநாள் கழியலாம். சிலருக்கு இருநாள்களாகப் பிரிப்பார்கள்.

பேராபத்து அரிது எனினும் இல்லை என்று கூற இயலாது. டைபிரிடமோல் சோதனைக்கு உட்பட்ட 73,806 பேரைப் பற்றி 1995 இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், இதய இறப்பு பத்தாயிரத்துக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகவும், உயிர்போகாத மாரடைப்பு பத்தாயிரத்துக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவாகவும் பதிவாயின.

இத்தகைய விவரத்தைக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. சட்டம் உங்களுக்கு அளித்த உரிமை. ஒன்ராறியோவின் 1996 ஆம் ஆண்டுச் சுகாதாரப் பராமரிப்பு ஒப்புதல் சட்டம், நோயறியும் சோதனைகளையும் சிகிச்சை என்றே கொள்கிறது. அதன் தன்மை, எதிர்பார்க்கும் நன்மை, முக்கிய ஆபத்துகள், பக்கவிளைவுகள், மாற்றுவழிகள், செய்யாதுவிட்டால் நேரக்கூடியது ஆகியவற்றை விளக்கிய பின்னரே ஒப்புதல் பெற வேண்டும். கொடுத்த ஒப்புதலை எந்நேரமும் மீளப்பெறலாம். ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதும் "நிறுத்துங்கள்" எனலாம். இந்நெறிக்கு வழிகோலிய வழக்கு 1980 இல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரீபிள் எதிர் ஹியூஸ். ஃபோர்ட் நிறுவனத் தொழிலாளியான ரீபிள், கழுத்துக் குருதிக்குழாயில் செய்த அறுவைச் சிகிச்சையை அடுத்துப் பக்கவாதத்துக்கு உள்ளானார். அந்த ஆபத்து அவருக்கு உரியவாறு சொல்லப்படவில்லை. ஓய்வூதியத் தகுதி பெற அவருக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டே எஞ்சியிருந்தது. ஆபத்தை அறிந்திருந்தால் அதுவரை ஒத்திவைத்திருக்கலாம். அவருக்கு ஆங்கிலத்தில் இடர்ப்பாடு இருந்தமை வெளிப்படையாகத் தெரிந்ததால், அவருக்கு விளங்கியதா என்பதை மருத்துவர் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. விளங்காமல் தலையாட்டும் நம் பழக்கத்துக்கு இத்தீர்ப்பு நேரடியாகப் பொருந்தும்.

ஆகவே முன்பதிவின்போதே தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நகரின் பெரிய மருத்துவமனைகளில் தொலைபேசி வழியாகவேனும் இவ்வசதி கிடைக்கும். பேரப்பிள்ளையை அழைத்துச் செல்வதில் பாசம் இருக்கலாம். பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் 'இறப்பு' என்னும் சொல்லைத் தாத்தாவுக்குப் பெயர்த்துரைக்கச் சொல்வது முறையன்று. மகனோ மகளோ உடனிருந்தாலும், தானே முடிவெடுக்கும் ஆற்றல் உள்ளவரின் ஒப்புதலை அவரிடமிருந்தே பெற வேண்டும்.

மருத்துவரின் பரிந்துரையுடன் செய்யப்படும் இச்சோதனைக்கான கட்டணத்தை ஓஹிப் ஏற்கும்; சுகாதார அட்டையையும், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தின் பட்டியலையும் கொண்டுசெல்லுங்கள். முடிவு, பரிந்துரைத்த மருத்துவருக்கு அனுப்பப்படும். அதன் பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்குண்டு. வீடு திரும்பிய பின் ஐயம் எழுந்தால் 811 ஐ அழைத்துத் தாதியரிடம் பேசலாம்; நெஞ்சுவலி மீண்டும் வந்தால் 911. கதிரியக்கப் படம் எடுத்த சில நாள்களுக்குள் பஃபலோவுக்கோ விமான நிலையத்துக்கோ செல்வதாயின், மருத்துவமனையிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லையிலுள்ள கதிரியக்க உணர்கருவிகள் உங்கள் உடலில் எஞ்சியுள்ள சிற்றளவையும் கண்டு ஒலி எழுப்பக்கூடும்.