முகாம் சோதனை போதுமா?

கேள்வி: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் போன வருடம் மதுரையில் கரண்ட் வைத்தார்கள். செக்கப் போனால் ஒருநாள் கூலி போகிறது. ஊரில் நடக்கும் முகாமில் பார்த்துக்கொண்டால் போதாதா? - வாசகி, சிவகாசி

பதில்: போதாதம்மா. முகாமில் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நோய் வராதவர்களுக்கு அது அருமையான சோதனை. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், ஒரே ஒருமுறை இப்படிச் சோதித்த பகுதிகளில் இந்நோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது.

உங்கள் நிலை வேறு. கரண்ட் வைத்ததில் கதிர் பட்ட இடம் சுருங்கித் தழும்பாகியிருக்கும். அங்கே அந்தத் திட்டை நம்ப முடியாது. பாப் ஸ்மியர் முடிவும் குழப்பலாம். தவிர, திரும்பும் நோய் இடுப்புக்குள் ஆழத்திலோ நுரையீரலிலோகூடத் தலைகாட்டும். பெரும்பாலும் முதல் 2, 3 வருடங்களுக்குள்தான். ஆகவே இப்போது 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, சிகிச்சை தந்த டாக்டரே உள்பரிசோதனை செய்ய வேண்டும்.

இடையில் ரத்தக்கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கம், இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கும் வலி வந்தால் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். நாள் முழுக்க உட்கார்ந்து வெடிக்குத் திரி வைத்ததால் வந்த வலி என்று தைலம் தேய்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து.

முப்பது தாண்டிய மகள், மருமகள் இருந்தால் அவர்களை அந்த முகாமுக்கு அனுப்புங்கள். நீங்கள் மதுரைக்குப் போங்கள்.