காத்து அடிச்சா கரண்ட் ஏன் நிக்குது?



09.12.2022 இரவை நம்ம பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த இரவு அது. நான் அப்போது ஆறாவது. காற்று பலமாக வீசுவதற்கு முன்னாடியே எங்கள் தெருவில் கரண்ட் நின்றுவிட்டது. "காத்தே இன்னும் வரல, அதுக்குள்ள நிறுத்திட்டானுங்க" என்று எங்க ஆயா திட்டினாங்க. நானும்தான் திட்டினேன்.

இந்த வருஷம் அறிவியல் டீச்சரிடம் கேட்ட பிறகுதான் புரிந்தது. புயல் எங்கே, எப்போது, எவ்வளவு வேகத்தில் வரும் என்று சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் முன்கூட்டியே சொல்கிறது. அதை வைத்துத்தான் மின்வாரியம் கம்பம், ஒயர், ஆட்களைத் தயாராக வைக்கிறது. ஆபத்தான இடங்களில் மின்சாரத்தை நிறுத்துகிறது. கரண்ட் இருக்கும்போது ஒயர் அறுந்து தண்ணீரில் விழுந்தால், அதை மிதிப்பவர் உயிர் போய்விடும். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. அத்தனை ஒயரிலும் கரண்ட் இருந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

கரண்டை நிறுத்த வைக்கும் இதே காற்றுதான் நமக்குக் கரண்டும் தருகிறது. முப்பந்தல், கயத்தாறு பக்கம் நிறைய காற்றாலைகள் இருக்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை அங்கே நல்ல காற்று. ஆனால் காற்று நாம் சொன்னபடி வராது. அது திடீரென்று குறைந்தால் அனல் மின் நிலையம் ஈடு கட்ட வேண்டும். அணைந்த கொதிகலன் மறுபடி சூடாகப் பல மணி நேரம் ஆகும். அதனால் நாளைக்கு எவ்வளவு காற்று வரும் என்று இன்றைக்கே தெரிய வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். தாம்பரம் – வேளச்சேரி சாலையில் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம்தான் அது. 1998-ல் தொடங்கியது. 2015-ல் ஸ்பெயின் நாட்டு வோர்டெக்ஸ் நிறுவனத்தோடும் இந்தியக் காற்றாலை மின் சங்கத்தோடும் சேர்ந்து தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்கு முன்கணிப்பு தர ஆரம்பித்தது. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். 24 × 4 = 96 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு!

ஏன் இவ்வளவு கவனம்? காற்றில் உள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. நொடிக்கு 10 மீட்டர் என்று சொல்லி 9 மீட்டர் வந்தால், 1000 இருக்க வேண்டிய இடத்தில் 9 × 9 × 9 = 729 தான் இருக்கும். வேகத்தில் பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆற்றலில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது!

இதையெல்லாம் ஆயாவிடம் சொன்னேன். "அப்போ கடலுக்குப் போறவனுக்கு மட்டுமில்ல, கரண்டுக்காரனுக்கும் காத்து தெரியணும்னு சொல்லு" என்றாங்க.

நினைவில் வையுங்கள்: அறுந்து கிடக்கும் ஒயர் பக்கத்தில் போகாதீர்கள். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு கேள்வி: காற்றின் வேகம் 3 மடங்கானால் அதன் ஆற்றல் எத்தனை மடங்காகும்?



– ஒன்பதாம் வகுப்பு மாணவி