தராசு சொல்லாத கணக்கு

காலையில் கடை திறந்தால் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பது நம் தொழில். பாளையம்பட்டியிலும் அருப்புக்கோட்டையிலும் நம்மவர் பலர், "ராத்திரிச் சோற்றையே நிறுத்திவிட்டோம், கைகால்தான் ஓய்கிறது, தொப்பை குறையவில்லை" என்கிறார்கள். காரணம் என்ன?

பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தேங்கிய சரக்கு குடோனில் கிடக்க, கைமுதலைத் தின்பதற்கு இது ஒப்பாகும்.

நம் நாட்டு உடல்வாகும் ஒரு காரணம். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் உடலையே அளந்து, 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்!

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. விற்கும் பருப்பை நாமும் உண்போம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் துவரம் பருப்பில் சுமார் 22 கிராம் உண்டு. அதே அளவு அரிசியில் சுமார் 8 கிராம்தான். சோற்றைக் குறைத்து, பயறு, சுண்டல், முட்டை, மோர் சேர்க்கலாம்.

2. வேலை கொடுத்தால்தான் தசை வளரும். வாரம் 150 நிமிடமாவது வேக நடை. இரண்டு நாளாவது பளு தூக்குதல், கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுதல்.

3. தராசை மட்டும் நம்பாமல் இடுப்பை டேப்பால் அளப்போம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருப்பது நல்லது.

சர்க்கரைக்கு மருந்து எடுப்போரும், சிறுநீரகக் கோளாறு, இருதய நோய் உள்ளோரும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். முதல் இருந்தால்தான் வியாபாரம். உடலுக்குத் தசையே முதல்.